வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கப் போறீங்களா? ஸ்பீடை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க!

ஃபிரிட்ஜ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், வீட்டு இன்டர்நெட்டை மட்டும் கேட்டில் சொருகிவிட்டுப் போன நோட்டீஸைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். '100 எம்பிபிஎஸ், அன்லிமிடெட், 12 ஓடிடி இலவசம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் போதும், போனைப் போட்டுவிடுவோம். ஆபீஸ் மீட்டிங் நடுவிலோ, மகளின் ஆன்லைன் இன்டர்வியூ அன்றோ லைன் போனால்தான், நோட்டீஸில் இல்லாத விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். அதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடலாமே!

உங்களுக்கு எவ்வளவு ஸ்பீடு வேணும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எம்பிபிஎஸ் என்பது மெகா'பிட்' கணக்கு. நாம் டவுன்லோடு செய்யும் ஃபைலின் அளவோ மெகா'பைட்' கணக்கு. 8 பிட் சேர்ந்தது 1 பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷனில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பிதான் இறங்கும். 'நூறுன்னு சொல்லிட்டு பன்னிரண்டுதான் வருது, ஏமாத்துறாங்க' என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

இனி வீட்டுத் தேவை. 4கே தரத்தில் படம் பார்க்க 15 எம்பிபிஎஸ், முழு ஹெச்.டி-க்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. வீடியோ மீட்டிங்குக்கு ஆளுக்கு சுமார் 4. ஹாலில் 4கே படம், இரண்டு அறைகளில் மீட்டிங், இரண்டு போன்களில் வீடியோ... எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 35-ஐத் தாண்டாது. ஆக, நாலு பேர் உள்ள வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் சமாளிக்கும். 100 இருந்தால் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம், பெரிய ஃபைல்களோடு வேலை செய்பவர்களுக்குத்தான் பிரயோஜனம்.

ஒர்க் ஃப்ரம் ஹோம் என்றால் அப்லோடு ஸ்பீடு எவ்வளவு என்றும் கேளுங்க. மீட்டிங்கில் உங்கள் முகமும் குரலும் போவது அந்த வழியாகத்தான். டவுன்லோடு 100, அப்லோடு வெறும் 10 என்று இருக்கும் திட்டங்களும் உண்டு.

வயர் எதுவரை வருகிறது?

'ஃபைபர்தான் சார்' என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி, 'ஃபைபர் என் வீட்டுக்குள்ளேயே வருதா, தெருமுனை வரைக்குமா?' என்பதுதான்.

வீட்டுக்குள்ளேயே ஃபைபர் வந்தால், தெருவில் அதைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குப் பொதுவாக கரன்டே தேவையில்லை. தெருவில் ஒரு பெட்டி வைத்து, அங்கிருந்து சாதாரண லேன் கேபிள் இழுத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு கரன்ட் வேணும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், பெட்டி இருக்கும் இடத்தில் பவர் கட் ஆகி, அங்கே பேட்டரியும் தீர்ந்துவிட்டால் நெட் போச்சு.

2023-ல் ஜியோ, ஏர்டெல் இரண்டும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் 5ஜி சிக்னல் வழியாக வீட்டு இன்டர்நெட் தர ஆரம்பித்தன. வயர் இழுக்க முடியாத இடங்களுக்கும், அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கும் இது வசதி. ஆனால், டவர் சிக்னலைப் பொறுத்துத்தான் ஸ்பீடு. ஃபைபர் கிடைக்கிற தெருவில் ஃபைபருக்கே முதலிடம் கொடுங்க.

ரூ.599 என்றால் ரூ.599 இல்லை

விளம்பரத்தில் வரும் விலையோடு 18% ஜி.எஸ்.டி சேரும். 599 ரூபாய் திட்டத்துக்குக் கையை விட்டுப் போவது சுமார் 707 ரூபாய். இதோடு இவற்றையும் கேட்டுக்கோங்க:

* இன்ஸ்டலேஷன் கட்டணம் உண்டா? ரவுட்டர் இலவசமா, வாடகையா, டெபாசிட்டா? திருப்பிக் கொடுத்தால் டெபாசிட் எத்தனை நாளில் வரும்?
* இது அறிமுக விலையா? ஆறு மாதம் கழித்து எவ்வளவு?
* வீடு மாறினால் கனெக்‌ஷனை மாற்றித் தருவார்களா? புதிய ஏரியாவில் சர்வீஸ் இல்லையென்றால் கட்டிய பணம் என்னாகும்?
* 'அன்லிமிடெட்' எதுவரை? பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று வரம்பு இருக்கிறது. நாளுக்கு 110 ஜிபி என்பதால் சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. ஆனால் விலை குறைந்த திட்டங்களில் வரம்பு ரொம்பக் குறைவாக இருக்கலாம். அதைத் தாண்டியதும் ஸ்பீடு எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேளுங்க.

ஓடிடி இலவசம் என்றால், நீங்க நிஜமாகவே பார்க்கும் ஆப் அதில் இருக்கிறதா என்று பாருங்க. பார்க்காத பத்து ஆப்களுக்காக மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதில் என்ன லாபம்?

பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்க

ஊருக்கே பெயர் போன கம்பெனியும் உங்கள் தெருவில் சொதப்பலாம். பெயரே கேள்விப்படாத லோக்கல் கேபிள்காரர் பிரமாதமாக சர்வீஸ் தரலாம். அதனால் அதே தெருவில், அதே அபார்ட்மென்ட்டில் கனெக்‌ஷன் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்க. 'ஸ்பீடு எப்படி?' என்பதைவிட, 'கடைசியா எப்போ லைன் போச்சு, எத்தனை நாளில் வந்து சரிபண்ணாங்க?' என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். மழைக்காலத்தில் எப்படி என்பது அடுத்த கேள்வி. 2016 வர்தா புயலில் மரங்களோடு கேபிள்களும் சரிந்து விழுந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

முடிந்தால் இரவு 8 முதல் 11 மணிக்குள் அவர்கள் வீட்டில் ஸ்பீடு டெஸ்ட் செய்து பாருங்க. தெருவே நெட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. காலை 11 மணிக்கு டெக்னீஷியன் காட்டும் ஸ்பீடை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கனெக்‌ஷன் வந்தபிறகு...

ரவுட்டரை ஷோகேஸுக்குள்ளோ, டி.வி-க்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீங்க. வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வையுங்க. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் பலம் குறைந்துவிடும். 2.4 வேகம் குறைவு, தூரம் அதிகம். தூரத்து அறையில் நெட் வரவில்லை என்றால் பிளானை மாற்றுவதற்கு முன் ரவுட்டர் இடத்தை மாற்றிப் பாருங்க. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கென்றே கிடைக்கும் மினி யு.பி.எஸ் ஒன்றை வாங்கிவிடுங்க.

லைன் போனால் கஸ்டமர் கேரில் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்க. டெக்னீஷியனிடம் வாட்ஸ்அப்பில் சொன்னதோடு விட்டால் பிற்பாடு எந்த ஆதாரமும் இருக்காது. புகார் தீரவில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். டிராய் விதிப்படி நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும். பல நாள் நெட் இல்லாமல் போனால், பில்லில் கழிக்கச் சொல்லிக் கேட்கத் தயங்காதீங்க.

முக்கியமாக, 'ஒரு வருஷத்துக்குக் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ' என்ற வலையில் முதல் நாளே விழ வேண்டாம். மாதக் கட்டணத்தில் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்க. அதற்குள் ஒரு நல்ல மழையும், ஒரு தடவையாவது லைன் ரிப்பேரும் வந்து போயிருக்கும். கூப்பிட்ட அன்றோ மறுநாளோ ஆள் வந்து சரிபண்ணினால், தாராளமாக வருஷத்துக்குக் கட்டலாம்.