சீன மருத்துவம்: மரபும் சோதனையும்

ஹிஜ்ரி 377 (கி.பி. 987)-இல் பக்தாதில் இப்னு நதீம் தொகுத்த 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' எனும் நூற்பட்டியலில் சுவையான செய்தி ஒன்று இடம்பெற்றுள்ளது. சீன தேசத்திலிருந்து வந்த ஒருவர், மருத்துவ மேதை அபூபக்ர் அர்-ராஸியை அண்டி ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். ஐந்தே மாதங்களில் அரபு மொழியைப் பேசவும் எழுதவும் தேர்ந்தார். ஊர் திரும்ப ஒரு மாதம் இருக்கையில், கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸின் (காலன்) பதினாறு நூல்களையும் சொல்லச் செய்து சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார். சொல்பவரின் வாயைவிட அவருடைய எழுதுகோல் விரைந்ததாம்.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. கி.பி. 1313-இல் ஈரானின் தப்ரீஸ் நகரில் அமைச்சர் ரஷீதுத்தீன், சீன நாடிச் சாத்திரத்தைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்து 'தன்ஸூக் நாமா' எனப் பெயரிட்டார். சீனத்தில் தோன்றிய 'ஹுய்ஹுய் யாவ்ஃபாங்' எனும் நூலோ முஸ்லிம்களின் மருந்து முறைகளைக் கூறுவது. மருந்துகளின் பெயர்கள் அதில் அரபு எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்நூலின் முப்பத்தாறு பகுதிகளுள் இன்று எஞ்சியவை நான்கே. சீன மருத்துவம் பிறர் அறிவுக்குக் கதவடைத்த மரபன்று என்பதற்கு இவை சான்று.

இருபதாம் நூற்றாண்டில் அம்மரபு இரு எல்லைகளுக்கிடையே அலைக்கழிக்கப்பட்டது. 1929-இல் சீன அரசின் சுகாதாரக் குழு அதனை அடியோடு ஒழிக்கத் தீர்மானித்தது. மருத்துவர்களின் கடும் எதிர்ப்பால் அத்திட்டம் கைவிடப்பட்டது. 1950-களில் மாவோவின் அரசு அதனையே தேசியச் செல்வமாக உயர்த்திக் கல்லூரிகள் நிறுவியது. ஒழிக்க முனைந்தோரும் உயர்த்தியோரும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்றுண்டு: இம்மருந்துகளுள் எது பயனளிக்கிறது, எது தீங்கிழைக்கிறது?

அக்கேள்வியைக் கேட்டவர்களுள் தலையாயவர் தூ யூயூ அம்மையார். மலேரியாவுக்கு மருந்து காண 1967-இல் சீன இராணுவத் தேவைக்காகத் தொடங்கிய திட்டத்தில் அவர் 1969-இல் பொறுப்பேற்றார். மாசிபத்திரி இனத்தைச் சார்ந்த சிங்ஹாவோ செடியைச் சோதித்தபோது பலன் ஒருசமயம் கிட்டியது, மறுசமயம் கிட்டவில்லை. அப்போது நான்காம் நூற்றாண்டு அறிஞர் கோ ஹாங்கின் குறிப்பு அவருக்கு வழிகாட்டியது. செடியைக் காய்ச்சாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றைப் பருகுமாறு அது பணித்தது. வெப்பமே மருந்தின் ஆற்றலைக் கெடுக்கிறது என அவர் ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் ஈத்தர் கொண்டு பிரித்த சாறு, 1971-இல் எலிகளிடம் முழுப் பலன் தந்தது. மறு ஆண்டு அவரே அதனை உட்கொண்டு பார்த்தார். அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. பழைய ஏடு தடயம் தந்தது; தீர்ப்பு வழங்கியது சோதனையே.

மறுபக்கத்தையும் காண்போம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மருந்தை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. ஃபாங்ஜி எனும் மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதனை ஒத்த வேறொரு மூலிகை சேர்ந்துவிட்டதே காரணம். அது நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சார்ந்தது. இதனைப் பெயர்க் குழப்பம் என்று மட்டும் தள்ளிவிட இயலாது. அவ்வினச் செடிகள் சீனத்தில் நெடுங்காலம் மருந்தாகவே வழங்கி வந்தன. அவற்றுள் ஒன்றான குவான்முதோங் 2003-இல்தான் அங்குத் தடைசெய்யப்பட்டது.

இவ்வளவு காலம் இந்நஞ்சு எவ்வாறு கண்ணில் படவில்லை? காய்ச்சல் தணிவதை அன்றைக்கே காணலாம். ஆண்டுகள் கழித்துத் தோன்றும் சிறுநீரகக் கேட்டையோ, என்றோ உண்ட வேரோடு எந்த மருத்துவராலும் இணைத்துப் பார்க்க இயலவில்லை. 'ஈராயிரம் ஆண்டு அனுபவம்' விரைவில் தெரியும் பலனுக்குச் சாட்சி கூறக்கூடும். மெல்லக் கொல்லும் தீங்கினை அது அறியாது.

குத்தூசி மருத்துவத்திலும் இத்தகைய நுட்பமுண்டு. ஜெர்மனியில் 1,162 முதுகுவலி நோயாளிகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முறைப்படி ஊசி குத்தியோரில் 48 விழுக்காட்டினர் நலம் கண்டனர். சாத்திரம் கூறாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியோரில் 44. வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 27. நிவாரணம் மெய்; அதற்குக் கூறப்பட்ட காரணமோ ஐயத்திற்குரியது.

2017-இல் நடைமுறைக்கு வந்த சீனச் சட்டமோ, பண்டைய நூல்களின் தேர்ந்தெடுத்த மருந்துகளை, மனிதர்களிடம் பலனைச் சோதித்த சான்றின்றியே பதிவுசெய்ய இடமளிக்கிறது. தொன்மை மீண்டும் சான்றாகிவிட்டது.

மீண்டும் அர்-ராஸியிடம் வருவோம். மூளைக்காய்ச்சலின் அறிகுறி கண்டோரில் ஒரு சாராருக்குக் குருதி நீக்கி, மறுசாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டதாக அவரே எழுதியுள்ளார். அன்று குருதி நீக்குதல் பயன் தரும் என முடிவு செய்தது பிழையாயினும், ஒப்பிட்டு அறியும் அம்முறை நிலைத்துவிட்டது. தாம் ஆசானாகப் போற்றிய ஜாலீனூஸை மறுத்து 'ஜாலீனூஸ் மீதான ஐயங்கள்' எனும் நூலையும் அவர் இயற்றினார். சீன மாணவர் சுமந்து சென்றது பதினாறு நூல்களை. ஆசானையும் சோதித்துப் பார்க்கும் அந்த ஐயமே அவற்றினும் அரிய மருந்து. சீன மரபுக்கு மட்டுமன்று, எல்லா மருத்துவ மரபுகளுக்கும் இன்று அதுவே தேவை.