கல்முனைக் கரையின் பொட்டணியும் பாயும்

கிழக்கிலங்கையில் புடவை என்பது சேலையை மட்டும் குறிக்கும் சொல் அல்ல. சாரம், சட்டைத்துணி, சீத்தை, போர்வை என்று நெய்த துணி எதுவும் புடவைதான். அதை விற்கும் இடம் புடவைக்கடை. கல்முனைப் பட்டினத்தின் பிரதான வீதியில் அத்தகைய கடைகள் இன்று நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் சுவரும் கூரையும் உள்ள கடை இந்த வியாபாரத்தில் பிந்தி வந்தது. மாட்டு முதுகில் ஏறிய பொதி, தோளில் ஏறிய பொட்டணி, மணலில் விரித்த பாய் மூன்றும் அதற்கு மூத்தவை.

பழைய காலத்து நல்ல துணியில் பெரும்பகுதி சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்தது. சாரத்தில் ஒரு வகைக்கு இன்றும் ‘பளயக்காட்’ என்று பெயர்; சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடுதான் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. இறங்கிய துணியை உள்நாட்டுக்குக் கொண்டுபோனவர்களில் சோனகர் எனப்பட்ட முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பொதிமாடுகளோடு போகும் அந்தக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். உப்பும் கருவாடும் துணியும் கண்டி நாட்டுக்கு ஏறும், பாக்கு இறங்கும். போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாற்று நூல்கள் வழமையாகச் சொல்லும் செய்தி. கல்முனை அப்போது மட்டுமல்ல, 1961இல் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரியும்வரையும் மட்டக்களப்போடுதான் சேர்ந்திருந்தது. இந்தக் கரையில் வயலும் வியாபாரமும் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை. துணி வாங்கும் காசு நெல்லிலிருந்துதான் வந்தது.

கரையிலேயே நெய்த துணி என்றால் முதலில் வருவது மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பைத் தாண்டியதும் வரும் ஊர். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு மிதிக்கும் குழித்தறிகள் வீட்டோடு வீடாக இருந்தன. பாவு போடுவதும் தார் சுற்றுவதும் வீட்டாரின் வேலை. தறியில் ஒருவர் உட்கார்ந்தாலும் உழைப்பது குடும்பம் முழுவதும். சாரமும் சேலையும் அந்த ஊரின் அடையாளமாகின. தயாரான துணியை ஊருக்குள் வைத்திருந்தால் விலை போகாது. அதனால் பொட்டணி வியாபாரி கிட்டங்கித் துறையைக் கடந்து, மேற்கே தமிழர் அதிகம் வாழும் படுவான்கரைக்குப் போனார். மாரியில் வெள்ளம் மேவினால் அந்தப் பாதை அடைபடும், வியாபாரமும் அடைபடும்.

படுவான்கரை வியாபாரத்தின் உயிர் கடன். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் முடியும். கையில் காசு வருவது அப்போதுதான். துணி முன்னதாகவே போய்விடும், பணமோ நெல்லோ பின்னால் வரும். யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கு வியாபாரியின் தலைக்குள் இருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கி, இங்கினியாகலை அணைக்கட்டும் எழுந்தபின் அம்பாறையின் உட்பகுதியில் புதிய குடியேற்றங்கள் வந்தன. பொட்டணிக்குப் புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். பேச்சில் சிங்களமும் கலந்தது.

வாங்குபவரைத் தேடிப் போவது பொட்டணி என்றால், வாங்குபவர் கூடுகிற இடத்தில் காத்திருப்பது பாய்க்கடை. அதற்கு மிகப் பெரிய சந்தர்ப்பம் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழா. நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஜமாத்துல் ஆகிர் மாதத்தில் கொடியேறி, 12 நாட்கள் நடக்கும் விழா இது. பெரியார் அடங்கியிருப்பது நாகூரில்; இங்கே அவர் பெயரால் கொடி மட்டுமே ஏறுகிறது. அந்த நாட்களில் கடற்கரை மணல் ஒரு சந்தையாகிவிடும். தின்பண்டம், காப்பு, விளையாட்டுச் சாமான், உடுப்பு எல்லாம் கிடுகும் தகரமும் போட்ட கொட்டில்களில் குவியும். மாதம் பிறையைப் பின்பற்றுவதால் விழா ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. அறுவடைக் காலத்தில் விழுந்த ஆண்டு வியாபாரிக்கு நல்ல ஆண்டு. வடகீழ்ப் பருவமழையில் விழுந்தால் நனைந்த துணியைக் காயவைப்பதே வேலை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் உற்சவமும் தீமிதிப்பும் அதே மாதிரியான கூட்டத்தைத் தந்தன. கொடி யாருடையது, தீ யாருடையது என்பதைச் சாரம் விற்பவர் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணி கூப்பனுக்குள் வந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டபோது தட்டுப்பாடு மீண்டும் வந்தது. தட்டுப்பாடு வாங்குபவருக்குத்தான் தொல்லை. கைத்தறிக்கு அது நல்ல காலம். 1977இன் கடைசியில் திறந்த பொருளாதாரம் வந்ததும் நிலைமை தலைகீழானது. மலிவான வெளிநாட்டுத் துணி உள்ளே புகுந்தது, மருதமுனையின் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அடுத்த ஆண்டு கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. ஏற்றுமதியில் கழிந்த சட்டைகளும் காற்சட்டைகளும் நாட்டின் நடைபாதைகளுக்கு இறங்கின. நெசவாளரை வீழ்த்திய அதே மாற்றம் பாய்க்கடைக்காரருக்குப் புதுச் சரக்கைக் கொண்டுவந்தது.

உள்நாட்டுப் போரின்போது 1990இல் வெடித்த வன்முறைகள் படுவான்கரைப் பாதையை மூடின. தமிழ்க் கிராமத்துக்கு முஸ்லிம் வியாபாரி போவதும், முஸ்லிம் ஊருக்குத் தமிழர் வருவதும் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாயின. பல தலைமுறைக் கடன் கணக்குகள் அந்த ஆண்டில் அறுந்தன.

பழைய உடுப்பை விற்பது இந்தக் கரையில் பெரிய தொழிலாக வளரவில்லை. பழசு வீட்டைவிட்டு வெளியே போகாததே காரணம். நைந்த சேலை பிள்ளைக்கு ஏணையாகும், பிறகு அடுப்படிப் பிடிதுணியாகும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கரையோர ஊர்களில் தறிகளும் அதோடு போயின. பின்னர் நிவாரணமாகப் பழைய உடுப்பு மூட்டைகள் வந்தன. அவற்றில் பொருந்தாதவையும் நிறைய.

வளைகுடாவுக்குப் போய் வந்தவர்களோடு அபாயாவும் ஊருக்குள் வந்தது. சேலையை முக்காடாக இழுத்துவிடும் வழக்கம் அதன்பின் குறைந்தது, தையல்காரரின் வேலை மாறியது. 2022இல் ரூபாய் சரிந்தபோது, இறக்குமதியாகும் நூலும் சாயமும் விலையேறி, மிஞ்சியிருந்த தறிகளையும் நெருக்கின. ஆனாலும் நோன்பின் கடைசி இரவுகளில் கல்முனைக் கடைத்தெருவில் நடைபாதைக் கடைகள் விரிகின்றன. பெருநாள் உடுப்புக் குவியலுக்குப் பக்கத்தில் சாரம் மூட்டித் தரும் தையல் இயந்திரம் ஓடுகிறது. தலைப்பிறை தென்பட்டதும் விலை இறங்கும். சுபஹுத் தொழுகைக்கு முன் பாய் சுருட்டப்படும்.