நாபோத்தின் திராட்சத்தோட்டமும் செங்கற்பட்டுத் தர்க்காஸ்தும்

கிறிஸ்தவ விசுவாசத்தையும் சமூக நீதியையும் இணைத்து எழுதும்படி மலர்க் குழுவினர் அன்போடு பணித்தார்கள். தட்ட இயலாத கட்டளை அது. நம் சபை பொழிச்சலூரில் வளர்ந்த கதையை மூத்தவர்கள் வேறு பக்கங்களில் எழுதியிருப்பார்கள். அடியேன் வேதத்திலும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் வரலாற்றிலும் நிலத்தைப் பற்றி வாசித்தவற்றை மட்டும் முன்வைக்கிறேன்.

சமூக நீதி என்றதும் நம் பிரசங்க பீடங்களில் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரமும் மீகா ஆறாம் அதிகாரமும் தவறாமல் வரும். வரட்டும். என் மனம் போய் நிற்பது 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில். ஆகாப் ராஜா நாபோத்திடம் அநியாய விலை பேசவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் பணம் தருகிறேன் என்கிறான். இன்றைய மனை வியாபாரிகள்கூட அத்தனை தாராளமாகப் பேசமாட்டார்கள். நாபோத் மறுத்தான், அது பிதாக்களின் சுதந்தரம் என்பதால். தேசம் கர்த்தருடையது, ஆகவே நிலத்தை அறுதியாக விற்கலாகாது என்ற லேவியராகமம் 25:23 பிரமாணமே அவன் பின்னே நிற்கிறது. அடுத்து நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ராஜமுத்திரை பதித்த கடிதங்கள் போயின, ஊரில் உபவாசம் கூறப்பட்டது, இரண்டு சாட்சிகளும் நிறுத்தப்பட்டார்கள், நாபோத் கொல்லப்பட்டான். காகிதத்தில் ஒரு குறையும் இல்லை! எலியா தீர்க்கதரிசி ஆகாபைச் சந்தித்த இடம் ஆலயமன்று, அபகரிக்கப்பட்ட அந்தத் தோட்டமேதான்.

நெகேமியா ஐந்தாம் அதிகாரமும் இதற்கு இணையானது. பஞ்சத்தில் வயலையும் வீட்டையும் அடகு வைத்த ஜனங்கள் முறையிட்டபோது, வட்டியோடு இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்று பிரபுக்களிடம் நெகேமியா கேட்டார். எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் சபையார் முன் நின்று காணி கேட்கிறார்கள்; அவர்களுக்காகச் சட்டமே திருத்தப்படுகிறது. தானத்தைப் பற்றி வேதம் நிறையப் பேசுகிறது, மெய்தான். இந்த மூன்று இடங்களிலும் அது பேசுவது உரிமையை.

இனி நம் ஜில்லாவுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே மிராசுதாரர் ஆதிக்கம் முழுமையாக இருந்தது. தரிசு நிலத்துக்கு யார் தர்க்காஸ்து, அதாவது விண்ணப்பம், கொடுத்தாலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. படியாள் உழுத வயல் மட்டுமா, அவன் குடிசை நின்ற மனையும் அவனுடையதில்லை. எதிர்த்துப் பேசினால் குடியிருப்பே போய்விடும். செங்கற்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் கனம் ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பகுதியில் இருந்த வெஸ்லியன் மிஷனரி கனம் வில்லியம் கௌடியும் இதைக் கண்டு அரசுக்கு எழுதினார்கள், பத்திரிகைகளிலும் எழுதினார்கள். ஆத்துமாக்களை விட்டுவிட்டுப் பட்டாவுக்கு அலைகிறார்கள் என்றும், சேர்வதெல்லாம் சோற்றுக் கிறிஸ்தவர்கள் என்றும் ஏளனம் செய்தவர்கள் உண்டு. எலியாவையே கலகக்காரன் என்றவர்கள் இருந்தார்களே!

1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர், பறையர் நிலை பற்றிய விரிவான குறிப்பை அரசுக்கு அனுப்பினார். வருவாய் வாரியம் அதை இளக்காரமாகவே பார்த்தது. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி, அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1010 பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் வேர் அதுதான். அந்நிலத்தைப் பெற்றவர் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்க வேண்டும். மீறிய விற்பனை செல்லாது. லேவியராகமம் 25ஐ நினைவூட்டும் நிபந்தனை என்று நான் வியப்பதுண்டு.

எல்லாப் பெருமையும் மிஷனரிகளுக்கே என்று எழுதினால் அது நன்றிகெட்டதனம். இதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி அந்த மக்களின் குரலாகவே பேசினார். நமக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா, வெஸ்லியன் பள்ளியில் பயின்று சென்னைச் சட்டசபையில் அம்மக்களின் பிரதிநிதியாய் அமர்ந்தார். இருவரும் கிறிஸ்தவர் அல்லர். கர்த்தர் புறஜாதி ராஜாவான கோரேசையும் பயன்படுத்தியவர்.

நூறாண்டு கழிந்து அந்தப் பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்நீத்தார்கள்.

நம் சபையார் மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரம் பார்க்கிறார்கள், ஆயரை அழைத்து ஜெபமும் செய்கிறார்கள். இனி கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள், அந்த சர்வே எண்ணில் டி.சி. நிலம், அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குரிய நிலம், என்ற குறிப்பு இருக்கிறதா என்று. இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு நெகேமியா ஐந்தாம் அதிகாரம் இருக்கிறது. நம் வாலிபர் சங்கத்தில் சட்டம் பயின்ற பிள்ளைகள் இருந்தால், நிலம் இழந்த குடும்பங்களுக்கு மனு எழுதித் தரவும், அவர்களோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கவும் இந்த ஆண்டே தொடங்கட்டும்.