112 விழுக்காடு: பன்னிரண்டாம் திட்டத்தின் அனல் மின் இலக்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012–17) இந்தியா மின் நிறுவுதிறன் இலக்கைத் தாண்டிவிட்டது என்பது ஏறத்தாழப் பாடநூல் உண்மையாகிவிட்டது. மத்திய மின்சார ஆணையம் 2018இல் வெளியிட்ட தேசிய மின்சாரத் திட்டமே இதற்கு ஆதாரம்: இலக்கு 88,537 மெகாவாட், நிறுவியது 99,209, அதாவது 112 விழுக்காடு. எட்டாம் திட்டம் தொட்டுப் பத்தாம் திட்டம்வரை பாதியை எட்டவே திணறிய நாடு பதினொன்றில் 70, பன்னிரண்டில் 112 என ஏறியிருக்கிறது. திட்டமிடல் ஒருவழியாகத் தேறிவிட்டது என்றுதான் இந்த வரிசை சொல்வதாகத் தோன்றும். இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. எண்களில் பிழை இல்லை. எதை எதால் வகுத்தார்கள் என்பதில்தான் சிக்கல். பதினொன்றாம் திட்டத்துக்கே இரண்டு இலக்குகள் உண்டு: தொடக்கத்தில் 78,700 மெகாவாட், இடைக்கால மதிப்பீட்டில் 62,374. நிறுவிய 54,964ஐ முதல் எண்ணால் வகுத்தால் 70. இரண்டாவதால் வகுத்தால் 88.

பன்னிரண்டாம் திட்ட அட்டவணையைக் கூட்டுத்தொகையோடு மூடிவைக்காமல் வரிவரியாகப் படிக்க வேண்டும். நீர் மின்சாரத்தில் 10,897 இலக்கு, வந்தது 5,479. அணுவில் 5,300க்கு 2,000. அனலில் மட்டும் 72,340க்கு 91,730. ஆக, இரண்டு பள்ளங்களை அனலின் மேட்டை வெட்டி நிரவியதன் பெயர்தான் 112. மாலையில் விறுவிறுவென ஏறும் தேவைக்கு அணைக்கட்டு ஈடுகொடுக்கும் வேகத்தில் நிலக்கரிக் கொதிகலன் ஈடுகொடுக்காது என்பதால், இந்த நிரவலே கேள்விக்குரியது. அனலுக்குள்ளும் மிகை சமமாகப் பரவவில்லை. மத்திய நிறுவனங்கள் 14,878க்கு 15,868 என இலக்கை ஒட்டியே நிற்கின்றன. மாநிலங்கள் 13,922க்கு 22,201, தனியார் 43,540க்கு 53,660. முந்தைய திட்டத்தில் அனல் 59,693இல் 48,540 மட்டுமே முடிந்து, 11,153 மெகாவாட் விடுபட்டிருந்தது. அங்கே தவறிய பொறிகளுள் பல இங்கே வரவாயின. அவற்றில் எத்தனை புதிய இலக்குக்குள்ளேயே இருந்தன, எத்தனை வெளியிலிருந்து வந்தன என்று பிரித்துச் சொல்ல இந்த அட்டவணை போதாது. ஆயினும் 19,390 மெகாவாட் மிகையில் ஒரு பங்காவது பழைய பாக்கி என்றே கருதுகிறேன்.

எப்படி வந்தாலும் மின்சாரம் வந்ததே, உச்சநேரப் பற்றாக்குறை 2012–13இல் 9 விழுக்காடாக இருந்து 2016–17இல் 1.6 ஆகக் குறைந்ததே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் 2007–08இல் 78.6 விழுக்காடாக இருந்த அனல் நிலையங்களின் பி.எல்.எஃப்., அதாவது நிறுவுதிறனில் உண்மையில் உற்பத்திக்குப் பயன்பட்ட பங்கு, 2016–17இல் 60ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. விநியோக நிறுவனங்களின் கையில் காசில்லை, தேவையும் எதிர்பார்த்தபடி வளரவில்லை என்பது வழக்கமான விளக்கம். அது உண்மையானால், நிறைவேறிய இலக்கு யாருடைய தேவைக்கானது? தேவை மட்டுமல்ல, எரிபொருளும் உறுதியாக இல்லை: 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. 2018 மார்ச்சில் நாடாளுமன்ற எரிசக்தி நிலைக்குழு 40,130 மெகாவாட் கொண்ட 34 நிலக்கரித் திட்டங்களை நெருக்கடியில் இருப்பவையாகப் பட்டியலிட்டது; அதில் 24,405 மெகாவாட் ஏற்கெனவே இயக்கிவைக்கப்பட்டது. அதாவது, ஏதோ ஓர் ஆண்டின் சாதனைப் பட்டியலில் ஏறிவிட்டது.

'ஏறிவிட்டது' என்ற சொல் எந்த நாளைக் குறிக்கிறது? மேட்டூர் அனல் மின் நிலையத்தின் 600 மெகாவாட் விரிவாக்க அலகைப் பாருங்கள். ஆணையத்தின் கணக்கில் அது 2012 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. நிலையத்தை நடத்தும் தமிழ்நாடு மின்வாரியத்தின் கணக்கில் 2013 அக்டோபரில். ஏறக்குறைய ஓராண்டு இடைவெளி என்பதால் ஆண்டு எண்ணைப் படியெடுத்தவரின் கைப்பிழையோ என்று சந்தேகிக்கலாம். அப்படி எனக்குத் தோன்றவில்லை. பொறி கிரிட்டில் இணைவது, முழுச் சுமையை எட்டுவது, சோதனை ஓட்டம் முடிந்து வணிக உற்பத்திக்கு வருவது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு நாள்களில் நிகழ்பவை. திறனைக் கூட்டுபவருக்கு முழுச் சுமையை எட்டிய நாளே போதும்; கட்டணம் கணக்கிடுபவருக்குக் கடைசியானதுதான் நாள். இரண்டும் ஒரே திட்டக் காலத்துக்குள் விழுவதால் 112 அசையாது. ஆண்டுக் கணக்கு அசையும்: 2012–13இல் 17,956 இலக்குக்கு 20,622 வந்தது, 2013–14இல் 18,432க்கு 17,825, அதாவது 607 குறைவு. மேட்டூர் அலகை வணிக உற்பத்தித் தேதிப்படி நகர்த்தினால் அந்தக் குறைவு 7 ஆகச் சுருங்கிவிடும். இதைக் கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஒரு பொறியை நகர்த்தினால் அந்த ஆண்டின் மற்றப் பொறிகளையும் அதே அளவுகோலால் நகர்த்தியாக வேண்டும், அப்போது பற்றாக்குறை கூடுமா குறையுமா என்பது ஒவ்வோர் அலகுக்கும் இரு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே தெரியும்.