நீதிமன்றத்தில் நின்ற குரு



“ஃபாதர், இதைப் பாவசங்கீர்த்தனம் மாதிரி வச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் பங்கு அலுவலகத்தில் மனம் திறப்பவர்கள் உண்டு. அந்த ‘மாதிரி’ என்ற சொல்லைப் பற்றி இன்று சிந்திப்போம்.

1813-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரம். களவுபோன பொருள்கள் அந்தோணி கோல்மன் என்ற இயேசு சபைக் குருவின் கைவழியாக உரியவரிடம் திரும்பின. கொடுத்தனுப்பியது யார் என்று நீதிமன்றம் கேட்டது. ஒப்புரவு அருளடையாளத்தில் அறிந்ததை உயிரே போனாலும் சொல்ல முடியாது என்றார் அவர். 1215-இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், இந்த இரகசியத்தை உடைக்கும் குருவைப் பதவிநீக்கி வாழ்நாள் முழுதும் மடத்தில் தவம் செய்ய அனுப்பும்படி விதித்திருந்தது. விசாரித்த நகர மேயர் டி விட் கிளிண்டன் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் தீர்ப்பு குருவின் பக்கமே வந்தது. 1828-இல் அம்மாநிலம் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தது.

இந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்வோம். ஆனால் அதே குரு அதே இடத்தில் இன்னொன்றும் சொன்னார். மற்றச் சாட்சிகளைப்போல வெளிவழியாக இதை அறிந்திருந்தால் தயங்காமல் சொல்வேன், அது என் மனச்சான்றின் கடமை என்றார். இதை ஏனோ நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம். குருக்களுக்கென்று விலக்கு எதுவும் அதில் எழுதப்படவில்லை. திருஅவைக்குள்ளும், அருள்பணியாளர் ஒருவரே குற்றம் செய்ததாகத் தெரியவந்தால் அதைத் திருஅவை அதிகாரியிடம் தெரிவிப்பது குருக்களுக்கும் துறவியருக்கும் கடமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஆணையிட்டார். ஒப்புரவு முத்திரையை அவர் தொடவில்லை.

ஆகவே ஆலோசனை கேட்டு வரும்போது, வீட்டுச் சண்டை, கடன், குடிப்பழக்கம் எதுவானாலும் எங்கள் வாயிலிருந்து வெளியே போகாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் நாங்கள் மௌனமாக இருக்க முடியாது. “குடும்ப மானம் போய்விடும் ஃபாதர்” என்பீர்கள். அந்தப் பிள்ளையும் அந்தக் குடும்பம்தானே!

துன்புற்ற பிள்ளையே ஒப்புரவு இருக்கையில் அழுதால்? நாங்கள் ஒருவரிடமும் சொல்ல முடியாது. ஆனால் “இது உன் பாவமே இல்லை, கண்ணே” என்று சொல்வோம். வெளியே வந்து, தான் நம்பும் ஒருவரிடமோ 1098 என்ற எண்ணிலோ, அல்லது எங்களிடமே மறுபடியும் சொல்லும்படி கேட்போம். அப்படி வெளியே வந்து எங்களிடம் சொன்னால், அன்றைக்கே காவல் நிலையத்துக்குத் தெரிவிப்போம்.