பார்லி சாப்பிட்டால் சுகரும் கொலஸ்ட்ராலும் குறையுமா? மும்பையில் வசிக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்திருக்கிறது. எச்பிஏ1சி 5.9 என்று இருக்கிறது. உங்களுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. இது சர்க்கரை நோய் இல்லை. ஆனால் 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதற்கு முந்தைய கட்டம், அதாவது ப்ரீடயாபடீஸ். ஊருக்கு போன் போட்டுச் சொன்னால் அம்மாவிடமிருந்து உடனே பதில் வரும்: "தினமும் பார்லி கஞ்சி வச்சுக் குடிப்பா, எல்லாம் சரியாயிடும்."

இந்த நிலையில் நீங்கள் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடி பேருக்கு ப்ரீடயாபடீஸ் என்பது அதன் மதிப்பீடு.

அப்போ அம்மா சொல்வது சரியா? பாதி சரி. பார்லிக்கு உண்மையிலேயே பலன் உண்டு. ஆனால் அதை எந்த வடிவில், எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பார்லிக்குள் அப்படி என்ன இருக்கிறது?

தமிழில் வாற்கோதுமை என்று சொல்லப்படும் பார்லியில் 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய பச்சரிசியில் இது 3 கிராமுக்கும் குறைவு.

அளவைவிட, அது எந்த வகை நார்ச்சத்து என்பதுதான் முக்கியம். பார்லியை வேக வைத்தால் தண்ணீர் கொழகொழப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொழகொழப்புக்குக் காரணம் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து. ஓட்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதேதான்.

இதுல இன்னொரு நல்ல விஷயம். அரிசியிலும் கோதுமையிலும் நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டில் இருப்பதால், தீட்டும்போதே போய்விடும். பார்லியில் பீட்டா குளுக்கன் தானியத்தின் உள்பகுதி வரை பரவியிருக்கிறது. அதனால் கடையில் கிடைக்கும் தீட்டிய வெள்ளை பார்லியிலும் அது கணிசமாக மிஞ்சும்.

கொலஸ்ட்ரால் எவ்வளவு குறையும்?

உணவைச் செரிக்க கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. பித்த அமிலங்களைச் செய்ய அதற்குக் கொலஸ்ட்ரால் தேவை. வழக்கமாகக் குடல் அவற்றில் பெரும்பகுதியை உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். பீட்டா குளுக்கன் அவற்றில் ஒரு பங்கைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. புதிதாகச் செய்ய வேண்டிய கட்டாயத்தில் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

பார்லி உணவுகளின் பாக்கெட்டில் இதய நோய் அபாயம் குறையலாம் என்று அச்சிட அமெரிக்காவின் எஃப்டிஏ 2006-ல் இறுதி அனுமதி கொடுத்தது. அது வைத்த அளவு, ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன். 100 கிராம் பார்லியில் பொதுவாக 4 முதல் 6 கிராம் வரை இருக்கும். கணக்குப் போட்டால் தினமும் சுமார் 60 கிராம் உலர்ந்த பார்லி, அதாவது ஒரு டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். 14 சோதனைகளைச் சேர்த்து அலசிய 2016-ம் ஆண்டுப் பகுப்பாய்வில் எல்டிஎல் கொலஸ்ட்ரால் சராசரியாக 10 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. அதிலும் பல சோதனைகளில் 3 கிராமைவிட அதிகமாகவே பீட்டா குளுக்கன் கொடுத்திருந்தார்கள். உங்கள் எல்டிஎல் 130 என்றால் இந்த உதவி பயன்படும். 190 என்றால் பார்லியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, டாக்டரைப் பாருங்கள்.

சுகருக்கு என்ன செய்யும்?

காலையில் தாராவியில் அவித்து சைக்கிளில் வரும் இட்லி, மதியம் மாட்டுங்காவில் மீல்ஸ், சாயங்காலம் வடா பாவ், ராத்திரி செம்பூர் வீட்டில் தயிர் சாதம். நான்கு வேளையும் அரிசி அல்லது மைதா. நம் பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாப்பிட்டதும் ரத்த சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் கிளைசெமிக் இண்டெக்ஸில் வெள்ளைச் சோறு 70-ஐ ஒட்டி வருகிறது. பார்லி 30-க்கும் கீழே. பீட்டா குளுக்கனின் கொழகொழப்பு குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவதை மெதுவாக்குகிறது.

பலன் அந்த ஒரு வேளையோடு முடிவதில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 20 பேருக்கு மூன்று நாள் பார்லி தானிய ரொட்டி கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை உணவுக்குப் பிறகும் அவர்களின் ரத்த சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அந்த நார்ச்சத்தைப் புளிக்க வைப்பதால் இந்தப் பலன் என்று அவர்கள் விளக்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் தடம் தெளிவாக இருக்கிறது.

கவனிக்க வேண்டியது ஒன்று. சோற்றைக் குறைக்காமல் கூடவே ஒரு கிண்ணம் பார்லி சாப்பிட்டால், அது கூடுதல் மாவுச்சத்துதான். சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டால்தான் பலன்.

பார்லி தண்ணீர் போதாதா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஒரு ஸ்பூன் பார்லியைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, தண்ணீரைக் குடித்துவிட்டு தானியத்தைக் குப்பையில் போட்டால், நார்ச்சத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விட்டது. மும்பை வெயிலுக்கு அந்தத் தண்ணீர் நல்லதுதான், கூல் டிரிங்க்ஸைவிட எவ்வளவோ மேல். ஆனால் கொலஸ்ட்ராலுக்கும் சுகருக்கும் அது மருந்தாகாது. தானியத்தோடு சேர்த்துக் குடியுங்கள்.

மால்ட் பானங்களும் அப்படித்தான். முளைக்கட்டும்போது பார்லியின் சொந்த நொதிகளே பீட்டா குளுக்கனை உடைத்துவிடும். பிறகு பல பானங்களில் சர்க்கரையும் சேர்கிறது. பீரும் பார்லியில் செய்ததுதானே என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்.

மும்பை கடையில் எப்படிக் கேட்பது?

மாட்டுங்கா மார்க்கெட்டில் தமிழ்க் கடைகளில் "பார்லி" என்றாலே போதும். வேறு கிரானா கடைகளில் "ஜவ்" என்று கேளுங்கள். ஆனால் காதில் ஒரே மாதிரி விழும் மூன்று பெயர்கள் உண்டு. மராத்தியில் "ஜ்வாரி" என்றால் சோளம். "ஜவஸ்" என்றால் ஆளி விதை. நம்ம ஜவ்வரிசிக்கும் ஜவ்வுக்கும் சம்பந்தமே இல்லை, அது இங்கே "சாபுதானா". அதில் நார்ச்சத்து ஏறக்குறைய கிடையாது. சத்து மாவு வாங்கினால் லேபிளைப் படியுங்கள்.

எப்படிச் சமைப்பது?

ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். வெந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளைக்கு வரும். தயிர் ஊற்றித் தாளித்தால் டப்பாவுக்குத் தயிர் சாதம் ரெடி. சாம்பார் சாதத்துக்கும் பொருந்தும். முழுதாக விழுங்கப் பிடிக்கவில்லையென்றால் இட்லி அரிசியில் பாதியை பார்லியாக மாற்றி அரையுங்கள். ஆனால் அரைத்த மாவைவிட முழுத் தானியம்தான் சர்க்கரையை மெதுவாக ஏற்றும். முதல் வாரம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பிக்கொள்ளும்.

யாரெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பார்லியில் குளூட்டன் உண்டு. சீலியாக் நோய் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், உணவை மாற்றும்போது சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் பார்லி தண்ணீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கினால் பார்லி கஞ்சி கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கஞ்சி கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் வீக்கத்தோடு தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் அது உயர் ரத்த அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். கஞ்சி வைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்தாலும் அதேதான்.

அடுத்த முறை அம்மா போனில் கேட்டால் "குடிக்கிறேன்மா" என்று சொல்லாதீர்கள். "வாரத்துல அஞ்சு நாள் மதியம் சோத்துக்குப் பதிலா பார்லிதான் சாப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி-யை மறுபடி பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைத்தான் அது காட்டும். அதற்கு முன் பார்த்தால் முழுப் பலன் தெரியாது.