ஒரு ஜப்பானிய எழுத்தாளரும் நான்கு தந்திக் கருவிகளும்

ஜப்பான்காரன் காலம் என்று பேச்செடுத்தாலே நம் தோட்டத்துப் பெரியவர்கள் வாய்மூடிக் கொண்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த ஆண்டில் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பல்லாயிரம் தமிழர்கள் கூட்ஸ் வண்டிகளில் சயாமுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். அங்கே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டவர்களில் எத்தனையோ பேர் காலராவுக்கும் பட்டினிக்கும் இரையாயினர். எல்லாம் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பெயரால் நடந்தது.

அந்தச் சக்கரவர்த்தியைத் தெய்வமாகவே போற்றிய எழுத்தாளர் யுகியோ மிஷிமா. 1925இல் தோக்கியோவில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே பாட்டி அவரைத் தாயிடமிருந்து பிரித்துத் தம் நோயறையில் வைத்து வளர்த்தார். போர்க்காலத்தில் படைக்கு அழைக்கப்பட்டும் மருத்துவச் சோதனையில் தள்ளப்பட்டார். 1946இல் சக்கரவர்த்தி ‘நான் தெய்வமல்ல’ என்று அறிவித்ததை அவர் மனம் ஏற்கவேயில்லை. 1967இல் இந்தியா வந்து காசியைக் கண்டார். அக்காட்சி அவருடைய நாவலிலும் இடம் பெற்றது. 1970 நவம்பர் 25ஆம் நாள், இச்சிகாயா இராணுவ முகாமில் வீரர்களைக் கிளர்ச்சிக்கு அழைத்தார். அவர்கள் கேலி செய்தனர். 45 வயதில் வயிற்றைக் கிழித்துக்கொண்டு மாண்டார்.

அவர் வாழ்வையும் நாவல்களையும் இணைத்து 1985இல் பால் ஷ்ரேடர் எடுத்த அமெரிக்கப் படத்துக்கு இசையமைத்தவர் பிலிப் கிளாஸ். இளமைக்காலக் காட்சிகளுக்கு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கை மட்டுமே அவர் வைத்தார். அவையே தனியாகத் தொகுக்கப்பட்டு, அவருடைய மூன்றாம் நால்வர் இசை ஆயின. ஆறு பகுதிகள்; ஏறத்தாழ 18 நிமிடம். சில சுரங்களே திரும்பத் திரும்ப வரும். சிறிது சிறிதாகத்தான் மாறும்.

இந்த முறைக்கு வேர் எங்கே? 1960களின் நடுவில் பாரிஸ் நகரில் ஒரு படத்துக்காக ரவிசங்கரின் இசையை மேல்நாட்டுச் சுரக்குறிப்பில் எழுதித் தரும் வேலை கிளாஸுக்குக் கிடைத்தது. எப்படி எழுதியும் அழுத்தம் இடம் மாறி விழுந்தது. கடைசியில் கோடுகளையெல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தார். இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்தோடும் தாளக் கணக்கு புலப்பட்டது. தபேலா மேதை அல்லா ரக்காவும் அவருக்கு அதை விளக்கினார். (நாம் குடியிருந்த லயம் வேறு, இந்த லயம் வேறு!) பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளைப் பாட்டுக்கும் மிருதங்கத்துக்கும் அனுப்பும் பெற்றோருக்கு இது எளிதில் விளங்கும்.

இந்த இசை அந்த மனிதரின் கொள்கையைப் புகழ்கிறதா? இல்லை என்பதே நம் கருத்து. மூன்றாம் பகுதியின் பெயர் ‘1934: பாட்டியும் கிமிதாகேயும்’. கிமிதாகே என்பது அவருடைய இயற்பெயர். அங்கே வாளுமில்லை, முழக்கமுமில்லை. அறைக்குள் அடைபட்ட ஒரு பிள்ளைதான் இருக்கிறது.

மிஷிமாவுக்கு நான்கு தந்திக் கருவிகள் வாய்த்தன. சயாமுக்குப் போன நம்மவர்களுக்கு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் வாய்த்தன. அவற்றைப் படித்த வீட்டில் இந்த 18 நிமிடம் வேறு விதமாகத்தான் ஒலிக்கும்.